பெண் கிடைக்கவில்லை, படங்கள் கிடைத்தன



1623ஆம் ஆண்டு, மார்ச் மாதம். ஜான் ஸ்மித், டாம் ஸ்மித் என்று பெயர் சொல்லிக்கொண்டு இரண்டு இளைஞர்கள் குதிரையில் வந்து மாட்ரிட் நகரில் இங்கிலாந்துத் தூதர் வீட்டு வாசலில் இறங்குகிறார்கள். இங்கிலாந்தில் கிளம்பும்போது இருவர் முகத்திலும் பொய்த்தாடி. ஒருவர் பக்கிங்ஹாம் பிரபு. மற்றவர், நம்புங்கள், இங்கிலாந்தின் பட்டத்து இளவரசர் சார்லஸ். வயது 22. ஸ்பெயின் மன்னர் நான்காம் ஃபிலிப்பின் தங்கை மரியா அன்னாவைப் பெண் கேட்க, ரகசியமாக ஐரோப்பாவைக் கடந்து வந்திருக்கிறார்.

லண்டனுக்கும் மாட்ரிட்டுக்கும் உள்ள கலை உறவைப் பற்றிப் பேச வந்தவன் கல்யாணக் கதையில் தொடங்குகிறேனே என்று பார்க்க வேண்டாம். இந்த இரு நகரங்களுக்கும் நடுவே ஓவியங்கள் போய்வந்தது பெரும்பாலும் கல்யாணப் பேச்சாலும், கடனாலும், போராலும்தான். கலையன்பு கூடவே இருந்தது, ஆனால் வண்டியை இழுத்தது அது அல்ல.

கல்யாணம் நடக்கவில்லை. பெண் கத்தோலிக்கர், மாப்பிள்ளை புராட்டஸ்டண்ட். இரு தரப்பும் விட்டுக்கொடுக்காமல் பேச்சு மாதக்கணக்கில் இழுத்தது. அந்த மாதங்களில் சார்லஸ் செய்த உருப்படியான காரியம், படம் பார்த்ததுதான். ஸ்பெயின் அரண்மனைச் சுவர்களில் வெனிஸ் ஓவியர் டிஷியனின் படங்கள் வரிசையாகத் தொங்கின. அப்படியொரு சேகரிப்பு லண்டனில் இல்லை. இளவரசர் சொக்கிப்போனார். மாட்ரிட் ஏலங்களில் தானே படம் வாங்கவும் தொடங்கினார்.

வருங்கால மாப்பிள்ளை என்று ஃபிலிப்பும் தாராளமாகக் கொடுத்தார். அவற்றில் ஒன்றைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். பேரரசர் ஐந்தாம் சார்லஸ் தன் வேட்டை நாயுடன் நிற்கும் படம், டிஷியன் 1533இல் வரைந்தது. கிட்டத்தட்ட ஆள் உயரம். மகுடம் இல்லை, செங்கோல் இல்லை. ரோமம் வைத்துத் தைத்த மேலங்கி, வெளிர் நிறப் பட்டுடை, ஒரு கை நாயின் கழுத்துப்பட்டையில். பாதி ஐரோப்பாவை ஆண்ட மனிதர் என்பதை நிற்கும் தோரணையே சொல்லிவிடுகிறது. அந்தப் பேரரசர் ஃபிலிப்பின் கொள்ளுத்தாத்தா. தங்கைக்கு மாப்பிள்ளையாக வரப்போகிறவருக்குக் கொள்ளுத்தாத்தா படத்தைச் சீராகக் கொடுத்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிஷியனின் இன்னும் சில பெரிய படங்களும் சார்லஸுக்காகப் பெட்டியில் கட்டப்பட்டன. சம்பந்தம் முறிந்ததும் பெட்டிகள் மாட்ரிட்டிலேயே நின்றுவிட்டன.

அதே 1623இல், செவில்லாவிலிருந்து 24 வயது ஓவியர் ஒருவர் மாட்ரிட் அரண்மனையில் வேலைக்குச் சேர்ந்தார். அவர் பெயர் வெலாஸ்கஸ். அவர் சார்லஸை ஒரு கோட்டோவியமாகத் தீட்டினார், அதற்கு நூறு எஸ்குடோ கிடைத்தது என்று அவருடைய மாமனார் பச்சேகோ எழுதிவைத்திருக்கிறார். அந்தப் படம் எங்கே போயிற்றோ, இன்றுவரை கிடைக்கவில்லை.

ஊர் திரும்பிய சார்லஸ் 1625இல் மன்னரானார். பிரெஞ்சு இளவரசியைக் கல்யாணம் செய்துகொண்டார், ஸ்பெயினோடு போர் தொடுத்தார். மாட்ரிட்டில் பிடித்த படப் பித்து மட்டும் விடவில்லை. இத்தாலியில் மாந்துவா நகரத்துக் கொன்சாகா குடும்பம் நொடித்தபோது அவர்களுடைய சேகரிப்பில் பெரும்பகுதியை வாங்கிப்போட்டார்.

போரை நிறுத்தத் தூது போனவரும் ஓர் ஓவியர்தான் என்றால் ஆச்சரியமாக இருக்கும். ரூபன்ஸ் 1628இல் மாட்ரிட்டுக்கு வந்து, டிஷியன் படங்களை உட்கார்ந்து நகலெடுத்தார், இளம் வெலாஸ்கஸோடு பழகினார். அடுத்த வருடம் ஃபிலிப் அவரை லண்டனுக்கு அனுப்பினார். அங்கே ஜெர்பியர் என்பவர் வீட்டில் தங்கி, சமாதானப் பேச்சின் நடுவே ஒரு படம் வரைந்து சார்லஸுக்குப் பரிசளித்தார். அறிவின் தேவதை போர்த் தேவனை நெட்டித் தள்ளுகிறாள், சமாதானத்தின் மடியில் குழந்தை பால் குடிக்கிறது. ஓரத்தில் நிற்கும் சிறுமிகள் ஜெர்பியர் வீட்டுப் பிள்ளைகள். 1630இல் சமாதானம் கையெழுத்தாயிற்று. படம் இப்போது லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. சார்லஸ் தன் விருந்து மண்டபத்து விதானத்துக்கும் ரூபன்ஸிடமே படங்கள் கேட்டு வாங்கினார். 1649 ஜனவரி 30ஆம் தேதி, அந்த விதானத்தின் கீழே நடந்துபோய்த்தான் அவர் தலையைக் கொடுத்தார்.

சார்லஸை எதிர்த்து உள்நாட்டுப் போரில் வென்ற நாடாளுமன்றத்துக்குப் பணம் வேண்டியிருந்தது. மன்னரோ அரண்மனை வேலைக்காரர்கள், கடைக்காரர்கள் என்று ஊரெல்லாம் கடன் வைத்துவிட்டுப் போயிருந்தார். படங்கள், திரைச்சீலைகள், தட்டுமுட்டுச் சாமான்கள் எல்லாம் சோமர்செட் ஹவுஸில் விற்பனைக்கு வந்தன. பணம் புரளாதபோது கடன்காரர்களுக்குப் படங்களையே கணக்குப் போட்டுக் கொடுத்தார்கள். அரண்மனையின் ஈயக் கூரையையும் குழாய்களையும் பார்த்துக்கொண்ட கைவினைஞர் ஒருவருக்கு டிஷியன் பெயரிலிருந்த படம் ஒன்று போயிற்று. குழாய் பழுதுபார்த்த கூலிக்கு டிஷியன்! அவர் வீட்டில் அதை எந்தச் சுவரில் மாட்டினார் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை.

இந்த விற்பனையை உன்னிப்பாகக் கவனித்தவர் லண்டனிலிருந்த ஸ்பெயின் தூதர் அலோன்சோ தெ கார்தெனாஸ். மாட்ரிட்டிலிருந்து முதலமைச்சர் லூயிஸ் தெ ஹாரோ சொல்லச் சொல்ல, கொலையுண்ட மன்னரின் சொத்தை வெளியே தெரியாமல் வாங்கினார். சங்கடமான காரியம்தான். அதே சமயத்தில் அந்த மன்னரின் மகனுடைய தூதர்கள் மாட்ரிட்டில் உதவி கேட்டுக் காத்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் பிற்காலத்துக் கிளாரண்டன் பிரபு. தங்களைச் சீக்கிரம் ஊரைவிட்டுக் கிளப்பியதன் காரணம் பிறகுதான் தெரிந்தது என்று அவர் எழுதுகிறார்: தங்கள் மன்னரின் படங்களைச் சுமந்துகொண்டு 18 கோவேறு கழுதைகள் மாட்ரிட்டுக்கு வந்துகொண்டிருந்தன, அதை இவர்கள் பார்த்துவிடக் கூடாது!

நாயுடன் நின்ற பேரரசர் இப்படித்தான் வீடு திரும்பினார். சீராகப் போன படம், விலைக்கு வந்தது. நடுவில் அதை 150 பவுண்டுக்கு வாங்கிவைத்திருந்தவர் யார் தெரியுமா? ரூபன்ஸுக்கு வீடு கொடுத்த அதே ஜெர்பியர். மாந்தெஞ்ஞாவின் 'கன்னி மரியின் மரணம்', டூரர் 1498இல் வரைந்த சுய உருவம், இவையும் சார்லஸ் வீட்டுச் சொத்துகள்தான். இன்று மாட்ரிட் பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ராஃபேலின் திருக்குடும்பப் படம் ஒன்றுக்கு விற்பனையில் 2000 பவுண்டு மதிப்புப் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்த ஃபிலிப் தன் படங்களுக்குள் இதுவே முத்து என்றாராம். 'லா பெர்லா', அதாவது முத்து, என்ற பெயர் அதற்கு நிலைத்துவிட்டது.

1660இல் சார்லஸின் மகன் அரியணை ஏறியபோது இங்கிலாந்துக்குள் சிதறியிருந்த படங்களில் நிறையத் திரும்பி வந்தன. கடல் கடந்தவை கடந்தவைதான்.

அடுத்த கட்டம் 1813இல் வருகிறது. ஸ்பெயினில் நெப்போலியன் உட்கார்த்திவைத்த அவருடைய அண்ணன் ஜோசப், விட்டோரியா போரில் தோற்று ஓடும்போது தன் மூட்டைமுடிச்சுகளை விட்டுவிட்டு ஓடினார். மடக்கிய பிரிட்டிஷ் படைக்குத் தலைவர் வெலிங்டன். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவை எதிர்த்து வந்த அதே ஆர்தர் வெல்லெஸ்லி. குன்னூர் பக்கத்து வெலிங்டனுக்குப் பெயர் இவரால் வந்தது. மூட்டைக்குள் சட்டத்திலிருந்து எடுத்துச் சுருட்டிய ஓவியங்கள் நூற்றுக்கு மேல். லண்டனுக்கு அனுப்பிப் பிரித்துப் பார்த்தால் வெலாஸ்கஸின் 'தண்ணீர் விற்பவர்', கொரெஜ்ஜியோவின் சிறிய படம் ஒன்று, இன்னும் பல. பெரும்பாலும் மாட்ரிட் அரண்மனைச் சொத்து.

வெலிங்டன் இதில் பெருந்தன்மையாகவே நடந்துகொண்டார் என்பேன். திருப்பித் தருகிறேன் என்று ஸ்பெயினுக்குச் சொல்லி அனுப்பினார். பதில் இல்லை. 1816இல் மறுபடியும் கேட்டார். மன்னர் ஏழாம் ஃபெர்டினாண்ட் சார்பில் லண்டனிலிருந்த ஸ்பெயின் தூதர் பதில் எழுதினார்: நியாயமாகவும் கௌரவமாகவும் தங்கள் கைக்கு வந்ததைத் தங்களிடமிருந்து எடுத்துக்கொள்ள மன்னருக்கு மனமில்லை. அந்தப் படங்கள் இன்றும் ஹைட் பார்க் மூலையில் வெலிங்டனின் ஆப்ஸ்லி ஹவுஸில் தொங்குகின்றன.

ஃபெர்டினாண்டுக்கு ஏன் மனமில்லை என்று பலரும் பல காரணம் சொல்வார்கள். நாட்டை மீட்டுக் கொடுத்தவருக்கு நன்றி என்பது அதில் முக்கியமானது. எனக்கென்னவோ, பழைய கணக்கைத் திறந்தால் 'லா பெர்லா'வைப் பற்றியும் பேச வேண்டிவரும் என்று அரண்மனையில் யாராவது அவர் காதில் போட்டிருப்பார்களோ என்று ஒரு சந்தேகம்.