மாவட்டத்துக்கு வந்த இடம் கிராமத்துக்கும் வரவேண்டும்

(சங்கத்தின் நூற்றாண்டை முன்னிட்டு இறக்கக்கண்டியில் நடைபெற்ற பெற்றோர், மாணவியர் சந்திப்பில் பழைய மாணவியர் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



நூற்றாண்டு என்றால் பட்டணத்தில் மேடை போட்டு, விளக்கேற்றி, பழைய கதை பேசிக் கலைவது வழக்கம். அதையும் செய்வோம். ஆனால் ஒரு கூட்டமாவது களப்புக்கு இந்தப் பக்கம் நடக்கவேண்டும் என்று சங்கத்தில் பலர் கேட்டார்கள். மருத்துவ பீடத்துக்குப் பிள்ளைகளை அனுப்புவது பற்றிப் பேசுங்கள் என்று இங்குள்ள தாய்மார் கேட்டார்கள். ஆகவே இன்று அதைப் பற்றியே பேசப்போகிறோம்.

மருத்துவ பீடத்துக்கு யாரை எடுப்பது என்ற கேள்வியில் உலகமே இன்று பிரிந்து நிற்கிறது. அமெரிக்காவில் 1978இல் பக்கி என்பவரின் வழக்கு பெரிதாகப் பேசப்பட்டது. கலிபோர்னியாவின் டேவிஸ் மருத்துவக் கல்லூரி 100 இடங்களில் 16ஐச் சிறுபான்மையினருக்கென ஒதுக்கி வைத்திருந்தது. அந்த ஒதுக்கீடு செல்லாது என்றும், ஆனால் இனத்தையும் பல காரணங்களுள் ஒன்றாகக் கருதலாம் என்றும் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 ஜூனில், ஹார்வர்ட் வழக்கில், அதுவும் கூடாது என்று தீர்ப்பு வந்தது. கனடாவிலும் இலண்டனிலும் அமெரிக்காவிலும் இருக்கும் எமது சகோதரிகளின் வீடுகளில் இது இன்று சாப்பாட்டு மேசைப் பேச்சு. எமக்கோ இது ஐம்பது வருடத்துக்கு மேற்பட்ட பேச்சு. அதற்கு எமது ஊரில் பெயர் தரப்படுத்தல்.

அந்தக் கதையை நேராகச் சொல்வோம். 1969-70 அளவில் இந்நாட்டு மருத்துவ, பொறியியல் இடங்களில் ஏறத்தாழப் பாதி தமிழ் மாணவர்களுக்குக் கிடைத்தது. 1970-71 அனுமதியின்போது, மருத்துவத்துக்குத் தமிழ்மொழி மூலம் தோற்றியவருக்கு 400க்கு 250 புள்ளி வேண்டும் என்றும், சிங்கள மொழிமூலம் தோற்றியவருக்கு 229 போதும் என்றும் ஆயிற்று. பரீட்சை எழுதிய மொழியே பிள்ளைக்குத் தடையாயிற்று. 1973இல் மொழிவாரித் தரப்படுத்தல் முறையாக வந்தது. 1974இல் அதனோடு மாவட்ட ஒதுக்கீடும் சேர்ந்தது. புள்ளியிருந்தும் இடமில்லாமல் வீட்டில் இருந்த ஒரு தலைமுறையின் கோபம் எங்கே போய் முடிந்தது என்பதை இந்தக் கரையில் யாருக்கும் விளக்கவேண்டியதில்லை.

ஆனால் அந்தக் கதைக்கு எமது மாவட்டத்திலிருந்து சொல்லவேண்டிய இன்னொரு பக்கம் உண்டு. மொழிவாரித் தரப்படுத்தலும் மாவட்ட ஒதுக்கீடும் ஒரே காலத்தில் வந்ததால் ஒன்றையே மற்றது என்று பலர் நினைக்கிறார்கள். முதலாவது மொழியைப் பார்த்துப் பிள்ளையைப் பிரித்தது, அது அநீதி. இரண்டாவது இடத்தைப் பார்த்தது. அதனால் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளும் கொழும்புப் பிள்ளைகளும் இழந்தார்கள்; திருகோணமலை, மட்டக்களப்பு, வவுனியாப் பிள்ளைகள் சிலர் முதன்முதலாக மருத்துவ பீடத்தின் படியேறினார்கள். 1977இன் ஆட்சி மாற்றத்துக்குப் பின் மொழிவாரித் தரப்படுத்தல் கைவிடப்பட்டது. மாவட்ட ஒதுக்கீடு நிலைத்தது. யாழ்ப்பாணத்து உறவுகளின் மனக்காயத்தை நாம் மதிக்கவேண்டும். எமக்குக் கிடைத்ததை மறைக்கவும் கூடாது.

இன்றைய முறை இதுதான், தங்கைமாரே. கவனமாகக் கேளுங்கள். ஒரு பாடநெறிக்கு 1000 இடம் உண்டு என்று வைத்துக்கொள்வோம். அதில் 400 இடம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில் போகும். 550 இடம் 25 மாவட்டங்களுக்கும் சனத்தொகைப்படி பங்கிடப்படும். மீதி 50 இடம் கல்வியில் பின்தங்கியவை என்று குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாக வரும். திருகோணமலை அவற்றுள் ஒன்று. 2012 குடிசன மதிப்பீட்டின்படி நாட்டில் சுமார் 2 கோடியே 3 இலட்சம் பேர். எமது மாவட்டத்தில் சுமார் 3 இலட்சத்து 80 ஆயிரம் பேர். கணக்குப் போட்டால் அந்த 550இல் எமக்கு வருவது பத்து. பின்தங்கிய மாவட்டப் பங்கில் இன்னும் இரண்டு வரலாம். அவ்வளவுதான்.

அந்தப் பன்னிரண்டுக்கு யார் போட்டி? 2012 குடிசன மதிப்பீட்டின்படி எமது மாவட்டத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 40 பேர் முஸ்லிம்கள், 30 பேர் தமிழர், 27 பேர் சிங்களவர். மூதூர்ப் பிள்ளையும் கந்தளாய்ப் பிள்ளையும் பட்டணத்துப் பிள்ளையும் இறக்கக்கண்டிப் பிள்ளையும் ஒரே பட்டியலில்தான் நிற்கிறார்கள். இங்கே இன ஒதுக்கீடு கிடையாது. இசட் புள்ளி பேசும், மாவட்டம் பேசும். எங்கள் இனத்துக்கு இத்தனை இடம் என்று எவரும் உரிமை கோர முடியாது. அது நல்லதே என்று நாங்கள் நினைக்கிறோம்.

அப்படியானால் குறை எங்கே? திருகோணமலையைப் பின்தங்கிய மாவட்டம் என்று அனுமதி முறை சொல்கிறது. ஆனால் மாவட்டம் முழுவதும் ஒரே அளவில் பின்தங்கியிருக்கவில்லை. நாட்டின் ஏறத்தாழப் பத்தாயிரம் அரச பாடசாலைகளில் உயர்தர விஞ்ஞானப் பிரிவுள்ள 1ஏபி பாடசாலைகள் ஆயிரம் அளவுதான். உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் மூன்றுக்கும் ஆசிரியர், ஆய்வுகூடம், மாலையில் தனியார் வகுப்பு, இரவில் படிக்க அமைதியான அறை என்று எல்லாம் பட்டணத்தைச் சுற்றியே இருக்கின்றன. கிராமத்துப் பெண்பிள்ளை சாதாரணதரத்தில் விஞ்ஞானம் சித்தியடைந்தாலும், பட்டணத்தில் தங்க இடமில்லை, கடைசி பஸ்ஸைப் பிடிக்க வகுப்பைப் பாதியில் விடவேண்டும், இருட்டினால் வீட்டார் பயப்படுகிறார்கள். பக்கத்துப் பாடசாலையில் கலைப் பிரிவு இருக்கிறது, அங்கே சேர்கிறாள். கலைப் பிரிவு தாழ்ந்ததல்ல. ஆனால் அவளாக விரும்பிச் சேர்வதும், வேறு வழியில்லாமல் சேர்வதும் ஒன்றல்ல.

ஆகவே மாவட்டத்தின் பின்தங்கிய நிலையைக் காட்டி வந்த இடம், மாவட்டத்துக்குள் பின்தங்காதவர் கையில் போய்ச் சேர்கிறது. அந்தப் பிள்ளைகளும் பாடுபட்டுத்தான் படித்தார்கள்; அவர்களை நாங்கள் குறைசொல்லவில்லை. எமது சங்கத்திலேயே அப்படிப் போன வைத்தியர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்த இடம் எந்தப் பிள்ளையின் நிலையைக் காட்டிக் கேட்கப்பட்டதோ, அந்தப் பிள்ளை இன்னும் களப்புக்கு இந்தப் பக்கம் நிற்கிறாள்.

இதை மற்ற நாடுகளும் கண்டிருக்கின்றன. சென்னையில் மருத்துவக் கல்லூரி அனுமதி தொடர்பாகச் செண்பகம் துரைராஜன் தொடுத்த வழக்கில் வகுப்புவாரி ஒதுக்கீடு செல்லாது என்று 1951இல் தீர்ப்பானது. அதே ஆண்டில் இந்திய அரசியலமைப்புக்கு முதலாவது திருத்தம் வந்து ஒதுக்கீட்டுக்கு வழி செய்தது. எழுபது ஆண்டுகள் கழித்தும், ஒதுக்கீடு இருந்தும், அரச பாடசாலைப் பிள்ளைகள் மருத்துவத்துக்குப் போவது அரிதாக இருந்தது. 2020இல் தமிழ்நாடு அவர்களுக்கென்று 7.5 சதவீதத்தை உள்ஒதுக்கீடாகக் கொடுத்தது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம், இனத்தைப் பார்க்கக்கூடாது என்று நீதிமன்றம் சொன்னபின், 1997இல் ஒவ்வொரு உயர்பாடசாலையிலும் முதல் பத்து சதவீதத்தில் வருவோருக்கு மாநிலப் பல்கலைக்கழகத்தில் இடம் என்று சட்டம் செய்தது. இரண்டு இடத்திலும் பார்வை பாடசாலை வரைக்கும் இறங்கியது. எமது முறை மாவட்ட எல்லையோடு நின்றுவிட்டது.

குறைந்த புள்ளியில் போனவர் நல்ல வைத்தியராவாரா என்று கேட்பார்கள். வாசலில்தான் புள்ளி வேறு. உள்ளே ஒரே பாடம், ஒரே இறுதிப் பரீட்சை. அதில் சித்தியடையாமல் எவரும் வைத்தியராக முடியாது. உயர்தரத்தைத் தமிழில் எழுதிவிட்டு மருத்துவத்தை ஆங்கிலத்தில் படிக்கும் பிள்ளைக்கு முதல் வருடம் கடினம். அதற்குத் துணை வேண்டும். அது திறமைக் குறைவல்ல.

இந்தக் கேள்வியை நோயாளியின் பக்கத்திலிருந்தும் கேட்டுப் பாருங்கள். நிலாவெளி வைத்தியசாலைக்கோ பட்டணத்துப் பெரிய வைத்தியசாலைக்கோ போகும் ஒரு தாய், தன் உபாதையைத் தன் மொழியில், ஒரு பெண்ணிடம் சொல்ல விரும்புவாள். சொல்ல வெட்கப்பட்டு அவள் விழுங்கும் ஒரு வார்த்தையில் நோய் ஒளிந்திருக்கலாம். ஒதுக்கீட்டில் போனவர் தன் மாவட்டத்துக்குத் திரும்பித்தான் ஆகவேண்டும் என்று விதியில்லை. விதியில்லாத இடத்தில் பற்றுத்தான் அழைத்து வரவேண்டும். இந்த மண்ணில் வளர்ந்த பிள்ளைக்கு அந்தப் பற்று வர வாய்ப்பு அதிகம்.

உலகெங்கும் இருக்கும் எமது சகோதரிகளே, இந்த மலரை நீங்கள் எங்கிருந்து வாசித்தாலும், உங்களிடம் மூன்று காரியங்கள் கேட்கிறோம். ஒன்று, பத்தாம் பதினோராம் வகுப்புகளுக்கு இங்கேயே கணிதமும் விஞ்ஞானமும் கற்பிக்க ஆசிரியருக்கான கொடுப்பனவு. அடித்தளம் சாதாரணதரத்தில் விழுகிறது. உயர்தரத்தில் உதவி செய்வது பிந்திய உதவி. இரண்டு, உயிரியல் பிரிவில் படிக்கும் கிராமத்துப் பெண்பிள்ளைகள் பட்டணத்தில் பயமின்றித் தங்கிப் படிக்க விடுதிச் செலவு; எந்த மதம், எந்த மொழி என்று பார்க்காமல். மூன்று, வைத்தியர்களாக இருக்கும் சகோதரிகள் விடுமுறையில் வரும்போது ஒரு நாளை இங்கே கொடுங்கள். வைத்தியராகிய ஒரு பெண்ணை முன்னால் கண்டால், இந்தப் பிள்ளைக்குத் தானும் ஆகலாம் என்ற எண்ணம் வரும்.

பெற்றோரிடமும் ஒன்று. பெறுபேறு வந்தபின் விண்ணப்பம் நிரப்ப ஓடாதீர்கள். மாவட்ட அடிப்படையில் இடம் கேட்பதற்குப் பிள்ளை கடைசி மூன்று வருடங்கள் எந்தப் பாடசாலையில் படித்தாள் என்பது முக்கியம். நல்ல வகுப்பு என்று நடுவில் வெளிமாவட்டத்துக்கு மாற்றுமுன் அதை விசாரியுங்கள்.

எமது பாடசாலையைத் தொடங்கியவர்கள் பெண்பிள்ளைக்கு எதற்குப் படிப்பு என்று கேட்ட காலத்தில் தொடங்கினார்கள். அந்தக் கேள்வி இன்று இல்லை. எந்தப் பெண்பிள்ளைக்கு என்ற கேள்விதான் மிச்சம் இருக்கிறது. அதற்கு இந்தக் கிராமத்துப் பிள்ளைக்கும் என்று பதில் சொல்வதே எமது இரண்டாம் நூற்றாண்டின் முதல் வேலையாக இருக்கட்டும்.