எதிர் வீட்டு ஜன்னல்கள்

(நமது சங்கத்தின் சினிமா மாலையில், படம் முடிந்ததும் பேசியது)

அன்று வர முடியாதவர்களுக்காக, பேசியதை எழுதித் தரும்படி செயலாளர் கேட்டார். ஹிட்ச்காக் என்றால் நான் லேசில் நிறுத்தமாட்டேன் என்று தெரிந்து, பத்து நிமிடம்தான் என்று முன்கூட்டியே கறாராகச் சொல்லியிருந்தார்கள்.

ஹிட்ச்காக் என்றதும் பலருக்கு 'சைக்கோ' நினைவுக்கு வரும், அந்தக் குளியலறைக் காட்சியும். எனக்கு என்றைக்கும் 'ரியர் விண்டோ'தான். 1954-இல் வந்தது. பேய் இல்லை, கார் துரத்தல் இல்லை, கொலையைக்கூடக் கண்ணில் காட்டுவதில்லை. இருந்தும் நாற்காலி நுனியில் உட்கார வைக்கிறார் மனிதர்!

பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாகக் கதை. ஜெஃப்ரீஸ் ஒரு பத்திரிகைப் புகைப்படக்காரர். ஜேம்ஸ் ஸ்டூவர்ட் நடித்தார். கார் பந்தயத்தைப் படமெடுக்கப் போய்க் காலை முறித்துக்கொண்டு, நியூயார்க்கில் கிரீனிச் வில்லேஜ் பகுதியில் ஒரு பிளாட்டில் மாவுக்கட்டோடு சக்கர நாற்காலியில் இருக்கிறார். கொளுத்தும் வெயில். எல்லா வீட்டு ஜன்னல்களும் திறந்தே கிடக்கின்றன. பொழுது போகாமல் முற்றத்துக்கு அந்தப் பக்கம் உள்ள வீடுகளைப் பார்க்கிறார். அதில் ஒருவர் தோர்வால்ட், விற்பனைப் பிரதிநிதி. படுத்த படுக்கையாக இருக்கும் மனைவியோடு ஓயாத சண்டை. ஒரு நாள் அந்த அம்மாளைக் காணவில்லை.

அந்தக் குடியிருப்பு முழுவதும் பாரமவுண்ட் ஸ்டுடியோவுக்குள் போட்ட செட். உயரம் போதாமல் தரையைப் பெயர்த்து, அடித்தளத்தையே முற்றமாக்கினார்கள். கேமரா பெரும்பாலும் ஜெஃப்ரீஸின் அறையை விட்டு நகராது. அவர் பார்ப்பதைத்தான் நாமும் பார்க்கிறோம். ஒரே ஒரு இடம் தவிர. அவர் கண்ணயர்ந்த நேரத்தில் தோர்வால்ட் ஒரு பெண்ணோடு வெளியே போகிறான். நமக்குத் தெரிகிறது, கதாநாயகனுக்குத் தெரியாது. 'ஐயையோ, இவர் தப்பாகச் சந்தேகப்படுகிறாரோ' என்று நமக்கே சந்தேகம் வந்துவிடும்.

எனக்கு, வங்கி எழுத்தராகக் காலம் தள்ளியவனுக்கு, மிகவும் பிடித்தது துப்பறிவாளர் டாயில் வந்து பேசும் பகுதி. கணவனும் மனைவியும் காலை ஆறு மணிக்குக் கிளம்பியதைப் பார்த்தவர்கள் உண்டு. அனுப்பிய பெட்டியை அந்த ஊரில் மனைவியே வாங்கிக்கொண்டிருக்கிறார். வந்து சேர்ந்துவிட்டேன் என்று தபால் அட்டையும் இருக்கிறது. லெட்ஜர் கச்சிதமாக டாலி ஆகிறது! கணக்கு முடிந்தது என்று டாயில் கிளம்பிவிடுகிறார்.

டாலி ஆன கணக்கில் ஓட்டையைக் கண்டுபிடிப்பது லீசா. கிரேஸ் கெல்லி. வெளியூர் போகிற பெண் தன் கைப்பையையும் கல்யாண மோதிரத்தையும் வீட்டில் விட்டுவிட்டுப் போவாளா? நம் வீட்டுப் பெண்கள் யாரைக் கேட்டாலும் ஒரு நொடியில் சொல்லியிருப்பார்கள். பிறகு லீசா அந்த மோதிரத்தைத் தன் விரலில் போட்டு ஜெஃப்ரீஸுக்கு ஜாடை காட்ட, தோர்வால்ட் அதைக் கவனித்துவிட்டு மெல்லத் தலை நிமிர்ந்து நேராக நம்மைப் பார்ப்பான். அன்று ஹாலில் முன்வரிசையில் ஒருவர் 'அம்மாடி' என்றது எனக்குக் கேட்டது.

இந்தப் படம் நம்மைப் போன்று அடுக்குமாடியில் இருப்பவர்களுக்காகவே எடுத்தது என்று நான் சொல்வதற்குக் காரணம் வேறு இரண்டு காட்சிகள். வளர்ப்பு நாய் கழுத்து நெரிந்து முற்றத்தில் செத்துக் கிடக்கிறது. அந்த அம்மாள் மாடியிலிருந்து எல்லோரையும் பார்த்துக் கதறுகிறாள். பக்கத்து வீடு என்றால் என்னவென்று உங்களில் யாருக்காவது தெரியுமா என்கிற அர்த்தத்தில். எல்லோரும் ஜன்னலுக்கு வருகிறார்கள், பார்க்கிறார்கள், உள்ளே போய்விடுகிறார்கள். தோர்வால்ட் மட்டும் வரவில்லை. இருட்டில் அவன் புகைக்கும் நெருப்பு மட்டும் தெரிகிறது.

இன்னொன்று கீழ் வீட்டில் தனியாக வசிக்கும் பெண். ஜெஃப்ரீஸ் அவருக்கு வைத்த பட்டப்பெயர் மிஸ் லோன்லிஹார்ட்ஸ். வராத விருந்தாளிக்கு மேஜை போட்டு, தட்டு வைத்து, தானே பேசிக்கொள்வார். ஒரு இரவு மாத்திரைகளை எடுத்து வைக்கிறார். ஜெஃப்ரீஸும் செவிலியர் ஸ்டெல்லாவும் அதைக் கவனித்துப் போலீசுக்குப் போன் எடுக்கிறார்கள். அதே நேரம் தோர்வால்ட் வீட்டில் லீசா மாட்டிக்கொள்கிறாள். கண்கள் அந்தப் பக்கம் ஓடிவிடுகின்றன. நம் கண்களும்தான். அந்தப் பெண்ணை நிறுத்தியது, மாடியில் பாட்டு அமைத்துக்கொண்டிருந்தவரின் இசை. தான் யாரைக் காப்பாற்றினோம் என்று அந்த நேரத்தில் அவருக்குத் தெரியாது. (அவர் அறையில் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பவர் ஹிட்ச்காக்தான். அடுத்த முறை கவனியுங்கள்.)

வராந்தாவில் கேமரா வைக்கலாமா கூடாதா என்று நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு மாதமாக நடக்கும் சண்டையை நானும் படிக்கிறேன். வேவு பார்ப்பது தப்பு என்று ஒரு கட்சி, பாதுகாப்பு வேண்டும் என்று ஒரு கட்சி. மனைவி போன பிறகு நான் தனியாக இருப்பவன். எதிர் பிளாக்கிலிருந்து யாராவது என் சமையலறை விளக்கைக் கவனிக்கிறார்கள் என்று தெரிந்தால் கோபப்படுவேனா, நிம்மதியாகத் தூங்குவேனா என்று யோசித்துப் பார்த்தேன். ஒவ்வொரு நாள் ஒவ்வொரு பதில் வருகிறது. ஆனால் காலையில் பால் பை கதவிலேயே தொங்கினால் மணி அடித்துக் கேட்கிற பக்கத்து வீட்டுப் பெண்மணியிடம் எனக்கு ஒரு நாளும் கோபம் வந்ததில்லை.

கடைசியில் தோர்வால்ட் இருட்டில் ஜெஃப்ரீஸின் அறைக்குள்ளேயே வந்து, என்னிடம் உனக்கு என்னதான் வேண்டும் என்று கேட்பான். படம் முழுக்கப் பார்த்துக்கொண்டே இருந்தவரிடம் அதற்குப் பதில் இல்லை. மறுபடி பார்க்கும்போது அந்த மௌனத்தைக் கவனியுங்கள். டிவிடி என்னிடம்தான் இருக்கிறது, வேண்டுபவர்கள் வந்து வாங்கிக்கொள்ளலாம்.