நாலு பேர் சொல்ல வேண்டும்

2011ஆம் ஆண்டு பிப்ரவரி 9, புதன்கிழமை. நியூயார்க்கில் மாலை 7 மணி. சாம்சோனைட் கைப்பெட்டி வேண்டும் என்று யாராவது கூகுளில் தட்டினால் முதலில் வந்து நின்றது ஜே.சி.பென்னி என்ற கடை. பெட்டியைச் செய்கிற சாம்சோனைட்டின் இணையதளமே அதற்குப் பின்னால்தான். இரவு 9 மணிக்கு அதே சொற்களைத் தட்டியபோது ஜே.சி.பென்னியைக் காணோம். பக்கம் பக்கமாகத் தள்ளிக்கொண்டே போனால் 71ஆவது இடத்தில் கிடந்தது. இடையில் போனது இரண்டே மணி நேரம்.

ஜே.சி.பென்னி ஏதோ தெருமுனைக் கடை அல்ல. 1902இல் ஆரம்பித்த நிறுவனம். அந்தச் சமயத்தில் அமெரிக்கா முழுக்க 1,100க்கும் மேற்பட்ட கடைகள் அதற்கு இருந்தன. அதற்கு முந்தைய பல மாதங்கள், கிறிஸ்துமஸ் வியாபாரம் உட்பட, உடை என்று தேடினாலும் படுக்கை விரிப்பு என்று தேடினாலும் தரைக் கம்பளம் என்று தேடினாலும் முதலில் அதுதான். நியூயார்க் டைம்ஸ் நிருபர் டேவிட் சீகலுக்கு இது உறுத்தியது. எல்லாப் பாடத்திலும் ஒரே பையன் முதல் மார்க் வாங்கினால் வாத்தியாருக்குச் சந்தேகம் வராதா? விஷயம் தெரிந்த ஒருவரை வைத்துக் கிளறிப் பார்த்தார்.

2,015 இணையப் பக்கங்கள் அகப்பட்டன. ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு மூலையில் உடை சம்பந்தமான ஒரு சொல். அதைத் தொட்டால் நேராக ஜே.சி.பென்னியின் உடைப் பக்கம். அந்தத் தளங்கள் எதைப் பற்றியவை என்கிறீர்கள்? ஒன்று குறட்டையைப் பற்றி. இன்னொன்று நாய்களைப் பற்றி. பல் வைத்தியம், குளியலறை டைல்ஸ், வைரத் துளைப்பான் என்று பட்டியல் நீளும். குறட்டைக்கு மருந்து தேடி வந்தவருக்கு அங்கே கவுன் எதற்கு? அந்த லிங்க்குகள் மனிதர்களுக்காக வைக்கப்பட்டவை அல்ல. கூகுளின் கண்ணில் படுவதற்காக வைக்கப்பட்டவை.

ஏன் அப்படி வைக்க வேண்டும் என்று புரிய, கூகுள் பிறந்த கதையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

நல்ல வைத்தியர் யார் என்று தெரியாவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? நாலு பேரைக் கேட்கிறோம். அதிலும் எல்லோர் சொல்லும் ஒன்றல்ல. ஊரில் நாலு பேர் மதிக்கிறவர் சொன்னால் அதற்கு எடை அதிகம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லாரி பேஜும் செர்கே பிரின்னும் இதைத்தான் கணக்காக மாற்றினார்கள். ஓர் ஆய்வுக் கட்டுரையைப் பிற ஆய்வாளர்கள் எத்தனை முறை மேற்கோள் காட்டுகிறார்கள் என்று பார்ப்பது கல்வி உலகில் பழைய வழக்கம். இணையத்தில் ஒரு பக்கம் இன்னொரு பக்கத்துக்கு லிங்க் கொடுப்பதும் அப்படி ஒரு சிபாரிசுதான் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். 1998இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையில் 2 கோடியே 40 லட்சம் பக்கங்களை வைத்து அதைச் செய்து காட்டினார்கள். அந்தக் கணக்குக்குப் பேஜ்ரேங்க் என்று பெயர்.

கணக்கு வெளியே தெரிந்ததும் கூலிக்குச் சாட்சி சொல்கிறவர்களும் கிளம்பிவிட்டார்கள். லிங்க் விற்பது ஒரு தொழிலாயிற்று. ஜே.சி.பென்னிக்கு நடந்ததும் இதுதான். தங்களுக்குத் தெரியாமல் நடந்தது என்று நிறுவனம் சொன்னது, தேடலில் முன்னே வரச் செய்யும் எஸ்.இ.ஓ. வேலைக்கு அமர்த்தியிருந்த ஆலோசனை நிறுவனத்தை விலக்கியது. 71ஆவது இடத்துக்குத் தள்ளியது கூகுள் கொடுத்த தண்டனை. அது ஏறத்தாழ 90 நாள் நீடித்தது.

இது ஒரே ஒரு சம்பவமும் அல்ல. 2006இல் ஜெர்மனியின் பிஎம்டபிள்யூ தளம் கூகுள் பட்டியலிலிருந்தே சில நாட்கள் நீக்கப்பட்டது. "பழைய கார்" என்ற சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதிய ஒரு பக்கத்தைக் கூகுளுக்குக் காட்டி, ஆட்கள் வந்தால் வேறு பக்கத்துக்கு மாற்றிவிட்டதுதான் குற்றம். 2013இல் பிரிட்டனின் பூக்கடை நிறுவனமான இன்டர்ஃபுளோரா, அங்கே அன்னையர் தினம் நெருங்கும் நேரத்தில் 11 நாள் மறைந்துபோனது. பெயரைச் சொல்லித் தேடியவர்களுக்கும் கிடைக்கவில்லை. பூக்கடைக்கு அன்னையர் தினம் என்றால் ஜவுளிக்கடைக்குத் தீபாவளி மாதிரி. எனக்குப் பிடித்தது 2012 ஜனவரியில் நடந்தது. கூகுளின் சொந்த குரோம் பிரவுசருக்காகக் காசு வாங்கிக்கொண்டு எழுதப்பட்ட பதிவுகளில் லிங்க் இருந்தது தெரியவந்தது. கூகுள் தன்னுடைய குரோம் பக்கத்தையே 60 நாள் கீழே இறக்கியது.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், "ஒரே மாதத்தில் கூகுளில் முதல் இடம், உத்தரவாதம்" என்று உங்களுக்கும் போன் வந்திருக்கும். முதல் இடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே தன் வழிகாட்டியில் எழுதி வைத்திருக்கிறது. 2017இல் அவர்கள் வெளியிட்ட ஒரு காணொளியில், செய்த வேலையின் பலன் தெரிய நான்கு மாதத்திலிருந்து ஒரு வருடம் ஆகும் என்றார்கள். போனில் வரும் குரலை நம்புவதா, இடத்தைக் கையில் வைத்திருப்பவரை நம்புவதா?

கோயம்புத்தூரில் என் நண்பர் ஒருவர் வெட் கிரைண்டர் விற்கிறார், பழுதும் பார்க்கிறார். இணையதளம் தொடங்கியபோது, "சிறந்த கிரைண்டர், மலிவு விலைக் கிரைண்டர்" என்று ஐம்பது தடவை எழுதினால் போதும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். நான் அவரிடம் கேட்டது ஒன்றுதான். கடைக்கு வருகிறவர்கள் என்ன கேட்கிறார்கள்? அவர் யோசிக்கவே இல்லை, கடகடவென்று சொன்னார். மோட்டார் உறுமுது, ஆனா சுத்தலை. மாவு சூடாகுது. பெல்ட் வழுக்குது. கல்லைக் கொத்தணுமா, மாத்தணுமா? ரெண்டு லிட்டர் கிரைண்டர்ல எவ்வளவு அரிசி போடலாம்?

"இதையே எழுதுங்கள்," என்றேன்.

மாதத்துக்கு ஒரு பக்கம். மோட்டார் உறுமினால் பெரும்பாலும் கெப்பாசிட்டர் போயிருக்கும் என்பதை அவர் கடையில் பேசுகிற பாணியிலேயே எழுதினார். தேய்ந்த கல்லையும் கொத்திய கல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தானே படம் எடுத்துப் போட்டார். எட்டு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. அவர் மனைவிக்கு என் மேல் கோபம். ஒன்பதாவது மாதம் திருப்பூரிலிருந்து ஒருவர் கூப்பிட்டார்: "உங்க பக்கத்தைப் படிச்சேன், கெப்பாசிட்டர் உங்ககிட்டயே கிடைக்குமா?" பிறகு ஒரு சமையல் சேனல்காரர் தன் காணொளிக்குக் கீழே அந்தப் பக்கத்தின் லிங்க்கைப் போட்டார். யாரும் காசு கொடுக்கவில்லை. நாலு பேரில் ஒருவர் தானாக வந்து சொன்னார், அவ்வளவுதான்.

மக்கள் என்ன சொல்லித் தேடுகிறார்கள், நம் பக்கம் எத்தனையாவதாகத் தெரிகிறது என்பதைக் கூகுளின் சர்ச் கன்சோல் இலவசமாகவே காட்டும். நண்பர் அதைப் பார்த்து அசந்துபோனார். இலக்கணத் தமிழில் தேடியவர்கள் குறைவு. "கிரைண்டர் சுத்தலை" என்று பேச்சுத் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டியவர்கள்தான் அதிகம். அடுத்த பக்கத்துக்குத் தலைப்பு வைக்கும்போது அவர் அகராதியைத் தேடவில்லை.

சேர்த்து வைத்ததை இழப்பது சுலபம் என்பதையும் அவரிடமே பார்த்தேன். இரண்டு வருடம் கழித்துத் தளத்தை அழகாக்கலாம் என்று ஒரு நிறுவனத்திடம் கொடுத்தார். அழகாகத்தான் செய்தார்கள். ஆனால் ஒவ்வொரு பக்கத்தின் முகவரியையும் மாற்றிவிட்டார்கள். பழைய முகவரிக்கு வந்தவர்களுக்கு "பக்கம் இல்லை" என்ற பதில். கடையை அடுத்த தெருவுக்கு மாற்றினால் பழைய கதவில் ஒரு போர்டு மாட்ட மாட்டோமா? இணையத்தில் அந்தப் போர்டுக்கு ரீடைரக்ட் என்று பெயர். ஒவ்வொரு பழைய முகவரியையும் அதற்குரிய புதிய பக்கத்துக்குத் திருப்பிவிட வேண்டும். அதைச் சரிசெய்யலாம் என்று பார்த்தால், டொமைன், அதாவது தளத்தின் பெயர், அந்த நிறுவனத்தின் பெயரில் பதிவாகியிருந்தது. அதை மீட்கவே பல வாரம் போயிற்று. கடைப் பத்திரத்தை வாடகைக்காரர் பெயரில் எழுதுவோமா? டொமைன், கூகுள் கணக்கு, பாஸ்வேர்டு எல்லாம் உரிமையாளர் பெயரில் இருக்கட்டும்.

தொழில்நுட்பத்தில் மீதி எல்லாம் சொல்வதற்குச் சின்னது, செய்வதற்கு அவசியமானது. பக்கம் கைபேசியில் ஒழுங்காகத் தெரிய வேண்டும். முக்கியமான பகுதி இரண்டரை வினாடிக்குள் வந்துவிட வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவு. பெரிய பெரிய படங்களைச் சுருக்கிப் போட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். பக்கத்தின் நிரலுக்குள் தேடல் சொற்களை எழுதி வைக்கும் கீவேர்டு டேக் என்று ஒன்றுக்காகக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். வரிசைப்படுத்த அதைப் பார்ப்பதில்லை என்று கூகுள் 2009லேயே சொல்லிவிட்டது.

இப்போது ஒரு புதுச் சங்கடம். கேள்வியைத் தட்டினால் செயற்கை நுண்ணறிவே மேலே பதிலைத் தொகுத்துக் கொடுத்துவிடுகிறது. இந்தியாவில் 2024 ஆகஸ்டில் அது வந்தது. பதிலைப் படித்துவிட்டுப் போய்விடுகிறவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் எல்லோரும் எழுதுகிற பொதுச் செய்தியைத்தான் இயந்திரம் தொகுக்க முடியும். அந்தக் கொத்திய கல்லின் படம் நண்பரிடம் மட்டும்தான் இருக்கிறது. பக்கங்களின் தரத்தை மதிப்பிடுகிறவர்களுக்குக் கூகுள் தரும் கையேட்டில், 2022 டிசம்பரில் "அனுபவம்" என்ற சொல்லைப் புதிதாகச் சேர்த்தார்கள். 2024 மார்ச்சில், இயந்திரத்தாலோ ஆட்களாலோ மலைமலையாகப் பயனற்ற பக்கங்களைத் தயாரித்துக் குவிப்பதை முறைகேடு என்று விதியில் எழுதினார்கள். குறட்டைத் தளத்தில் கவுனை ஒட்டவைத்த அதே புத்திதான் இதுவும். கருவி மட்டும் புதிது.

இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு காரியம் செய்யுங்கள். கூகுளில் உங்கள் கடைப் பெயரைத் தட்டுங்கள். அங்கே தெரிகிற தொலைபேசி எண்ணுக்கு நீங்களே ஒரு முறை அடித்துப் பாருங்கள். மணி அடிப்பது உங்கள் கடையில்தானா? ஞாயிற்றுக்கிழமை விடுமுறை என்பது அதில் இருக்கிறதா? இல்லையென்றால் இன்றைக்கே திருத்திவிடுங்கள். அதற்குக் கூகுள் காசு வாங்குவதில்லை.