காதுக்குள் ஓயாத இரைச்சல்: மறைக்க வேண்டாம், மனம் தளர வேண்டாம்

(தொழிலாளர் குடும்பங்களுக்கான நலவாழ்வுக் கூட்டத்தில் நமது அறக்கட்டளை சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)

 

இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஒரகடம், வல்லம் வடகால் வரை நம் பிள்ளைகள் ஷிப்டு முறையில் உழைக்கிறார்கள். பிரஸ், கிரைண்டிங், ஏர் கன், கம்ப்ரசர் என்று வேலை நேரம் முழுக்க இரைச்சல். அறைக்கு வந்து படுத்த பிறகும் சிலருக்கு அது நிற்பதில்லை. வண்டு ரீங்காரம் போல, விசில் போல காதுக்குள் ஒலித்துக்கொண்டே இருக்கிறது. இதை மருத்துவர்கள் டின்னிடஸ் என்கிறார்கள்.

இது ஜின் சேட்டையும் அல்ல, புத்தி பேதலிப்பும் அல்ல. உட்காதில் ஒலியை உணரும் நுண்ணிய முடிச் செல்கள் உண்டு. பேரிரைச்சலில் அவை அழிந்தால் மீண்டும் வளர்வதில்லை. காதிலிருந்து போகும் சேதி குறைந்ததும், அதை ஈடுகட்ட மூளை செய்யும் முயற்சியே இரைச்சலாகக் கேட்கிறது என்பது மருத்துவ விளக்கம். சுற்றுப்புறம் அமைதியாக இருக்கும்போது, நள்ளிரவிலும் தொழுகையிலும், அது கூடுதலாகத் தெரியும்.

பாதிப்பு காதோடு நிற்பதில்லை. தூக்கம் கெடுகிறது. சூப்பர்வைசர் சொன்னது விளங்காமல், மறுபடி கேட்கக் கூச்சப்பட்டுத் தலையாட்டுகிறார்கள். 'கவனமில்லாதவன்' என்று பேர் வருகிறது. நாளடைவில் தன்மீதே நம்பிக்கை இழந்து, நிக்காஹ் மஜ்லிஸுக்கும் போகாமல் ஒதுங்குகிறார்கள். சொன்னால் வேலை போய்விடுமோ என்ற அச்சம் ஒப்பந்தத் தொழிலாளிக்கு இன்னும் அதிகம்.

அந்த அச்சம் நமக்குப் புரிகிறது. ஆனால் மறைத்தால் கேட்கும் திறனும் சேர்ந்து போகும். தொழிற்சாலை விதிகள் 8 மணி நேரத்துக்கு 90 டெசிபெல் என்றும், 95 டெசிபெல் ஆனால் 4 மணி நேரம் மட்டுமே என்றும் வரம்பு வைத்தன. இரைச்சலால் வரும் செவித்திறன் குறைவை இ.எஸ்.ஐ. சட்டமும் தொழில்சார் நோயாக ஏற்றிருந்தது. சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால், ஒப்பந்தத் தொழிலாளியானாலும் சிகிச்சை உங்கள் உரிமை. சென்னை கே.கே. நகரில் இ.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. இ.எஸ்.ஐ. இல்லாதவர்கள் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்லலாம்.

காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் காட்டிச் செவித்திறன் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். திடீரென்று காது கேட்காமல் போனாலோ, ஒரு காதில் மட்டும் இரைச்சல் இருந்தாலோ, நாடித்துடிப்போடு சேர்ந்து ஒலித்தாலோ தாமதிக்காதீர்கள். காய்ச்சிய எண்ணெயைக் காதில் ஊற்றாதீர்கள். இரைச்சலை அடியோடு போக்கும் மாத்திரை இன்றுவரை இல்லை. விளம்பரங்களுக்குப் பணத்தை இழக்காதீர்கள். ஆனால் அதன் தொல்லையைக் குறைக்க வழி உண்டு. காது மந்தமானவர்களுக்குச் செவித்துணைக் கருவி உதவும். மனநல ஆலோசனை இரைச்சலைப் பற்றிய கலக்கத்தைத் தணித்துத் தூக்கத்தைச் சீராக்கும். படுக்கும்போது மின்விசிறி ஓசை போன்ற மெல்லிய ஒலி இருக்கட்டும்.

இளைஞர்களே, இயர் பிளக் போடுவது கோழைத்தனம் அல்ல. இரைச்சலில் வேலை பார்த்துவிட்டு, பஸ்ஸிலும் இயர்போனில் சத்தமாகப் பாட்டுக் கேட்காதீர்கள்.

குடும்பத்தாரே, "எல்லாம் உன் கற்பனை" என்று சொல்லாதீர்கள். முகம் பார்த்து, நிதானமாகப் பேசுங்கள். இரண்டாம் முறை கேட்டால் முகம் சுளிக்காமல் சொல்லுங்கள். அவர் இழந்த நம்பிக்கை அங்கிருந்துதான் திரும்பும்.

நோய்க்கு மருந்து தேடச் சொன்ன மார்க்கம் நம்முடையது. தனியாக மருத்துவமனைக்குப் போகத் தயங்குபவர்கள் நம்மிடம் சொல்லுங்கள். இன்ஷா அல்லாஹ் கூடவே வருவோம். உழைக்கும் நம் பிள்ளைகளுக்கு அல்லாஹ் பூரண ஆஃபியத்தைத் தருவானாக. ஆமீன்.