டிரங்குப் பெட்டிக்குள் ஒரு பாஸ்போர்ட்

கூடலூர், கோத்தகிரிப் பக்கம் பல வீடுகளில் டிரங்குப் பெட்டிக்கு அடியில் பழைய பாஸ்போர்ட் ஒன்று கிடக்கும். 1964-இல் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து லட்சக்கணக்கான தமிழர்கள் இந்தியாவுக்கு வந்தார்கள். தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கியவர்கள் ஏராளம். அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள், இன்றைய டான்டீ, உருவாயின.

அந்தப் பாஸ்போர்ட்டை இந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் கையில் கொடுங்கள். எந்தத் தோட்டம், எந்த லயம் (வரிசை வீடு), பக்கத்துக் காம்பராவில் (அறையில்) யார் இருந்தார்கள், கப்பலில் என்ன சாப்பிட்டீர்கள் என்று பாட்டியிடம் அவர்களே கேட்கட்டும். நாம் நடுவில் புகுந்து பதில் சொல்லிவிடக் கூடாது. பாட்டி கண் கலங்கினாலும் பிள்ளையை எழுப்பி அனுப்பாதீர்கள். சொல்வதைச் செல்போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். தோட்டத்தின் பெயரை மட்டும் தாளிலும் எழுதி வையுங்கள். இலங்கையிலேயே தங்கிவிட்ட சொந்தங்களைத் தேட அந்தப் பெயர்தான் முதலில் உதவும்.