ஈற்றடியில் முளைத்த பயறு
(பத்தாம் ஆண்டு விழா உரையின் எழுத்து வடிவம்)



இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் தன் கலம் ஒன்றுக்குப் 'போயம்' என்று பெயரிட்டிருக்கிறது. ஆங்கிலத்தில் கவிதையைக் குறிக்கும் சொல் அது. நீண்டதொரு தொழில்நுட்பப் பெயரின் முதலெழுத்துகள் கூடி அவ்வாறு அமைந்தன என்பதே உண்மை. ஆயினும் அப்பெயருக்கு அக்கலம் தகுதியற்றதன்று.

பி.எஸ்.எல்.வி. ஏவுகலம் நான்கு அடுக்குகள் உடையது. முதல் மூன்றும் பணி முடிந்ததும் ஒவ்வொன்றாகக் கழன்று கடலில் வீழ்ந்துவிடும். நான்காவது, வெண்பாவின் ஈற்றடி போல மற்றவற்றினும் குறுகியது. ஆனால் செயற்கைக்கோளை உரிய பாதையில் நிறுத்துவது அதுவே. நிறுத்தியபின் அதுவும் நொடிக்கு ஏறத்தாழ ஏழரை கிலோமீட்டர் வேகத்தில் அங்கேயே சுற்றும். வேலையற்றுச் சுற்றும் அதற்கு விண்குப்பை என்று பெயர்.

அந்தக் குப்பை வாளாவிருப்பதில்லை. 2001 அக்டோபரில் ஏவப்பட்ட பி.எஸ்.எல்.வி.-சி3இன் நான்காம் அடுக்கு, அவ்வாண்டு டிசம்பர் 19இல் சுற்றுப்பாதையிலேயே வெடித்து, 300க்கும் மேற்பட்ட துண்டுகளாகச் சிதறியது. அதன்பின், எஞ்சும் எரிபொருளை வெளியேற்றிவிடும் முறை கைக்கொள்ளப்பட்டது. சிதறிய துண்டு பிறிதொன்றில் மோத, அதில் பிறந்தவை மேலும் மோத, இறுதியில் சில பாதைகளே பயனற்றுப் போகலாம் என்று டொனால்ட் கெஸ்லரும் பர்ட்டன் கூர்-பலைஸும் 1978லேயே எழுதினர். 2009 பிப்ரவரி 10இல் அமெரிக்க இரிடியம் கோளும் செயலிழந்த ரஷ்யக் காஸ்மோஸ் கோளும் மோதியபோது அக்கணிப்பு வெறும் ஏட்டுக் கணக்கன்று என்று தெரிந்தது.

இந்நிலையில்தான் அந்த ஈற்றடுக்குக்கு இரண்டாம் வாழ்வு தரும் எண்ணம் தோன்றியது. 2019 ஜனவரியில், சென்னையின் ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா மாணவர்கள் சமைத்த கலாம்சாட், பி.எஸ்.எல்.வி.-சி44இன் நான்காம் அடுக்கையே தன் மேடையாகக் கொண்டது. 2022 ஜூன் 30இல் சூரியத் தகடுகளும் நிலைநிறுத்தும் கருவிகளும் பெற்று அது 'போயம்' ஆயிற்று. புதிதாக ஒரு செயற்கைக்கோள் கட்டும் பொருள்வசதி இல்லாத கல்லூரிகளும் சிறு நிறுவனங்களும் தம் கருவிகளை அதில் ஏற்றிப் பார்க்க வழி பிறந்தது.

2024 டிசம்பர் 30இல் சென்ற நான்காம் 'போயம்' 24 கருவிகளைச் சுமந்தது. மிதக்கும் பொருளைப் பற்றப் பழகும் இயந்திரக் கை அவற்றுள் ஒன்று. மற்றொரு சிறு பெட்டியில் காராமணி விதைகள் எட்டு இருந்தன. நான்கே நாட்களில் அவை முளைவிட்டன, இலையும் தோன்றியது. இருபத்து மூன்று ஆண்டுகளுக்கு முன் வெடித்துச் சிதறியதும் இவ்வகை அடுக்குத்தான் என்பதை நினைத்தால் இச்செய்தியின் அருமை விளங்கும். பணி முடித்த அக்கலம் 2025 ஏப்ரல் 4இல் வளிமண்டலத்துள் புகுந்து இந்துமாக்கடலில் வீழ்ந்தது.

எனினும் புகழ்ச்சிக்கு அளவு வேண்டும். இது குப்பையாவதற்கு முன்னரே ஒரு பொருளுக்கு வேலை தந்த செயல். முன்பே குப்பையானதை மீட்ட செயலன்று. சுற்றுப்பாதையில் மனிதர் ஏற்றிவைத்த பொருளின் எடை 13,000 டன்னுக்கும் மேல். அதில் பெரும்பகுதி செத்த கலங்கள். நல்ல அலுமினியக் கலவைகள். மண்ணிலிருந்து மேலேற்றும் பெருஞ்செலவு அவற்றுக்கு முன்பே செய்யப்பட்டுவிட்டது. உலோகத்தை மின்வில்லால் ஆவியாக்கி உந்துவிசை பெறும் பொறியை ஆஸ்திரேலியாவின் நியூமன் ஸ்பேஸ் நிறுவனம் அமைத்து வருகிறது. உருக்கிய விண்குப்பை ஒருநாள் அதற்கு இரையாகலாம்.

ஆனால், உருக்குவதற்கு முன் பிடிக்க வேண்டுமே! கட்டுப்பாடின்றிச் சுழலும் கலத்தை அணுகுவதே அரிது. 2024இல் ஜப்பானிய நிறுவனமான ஆஸ்ட்ரோஸ்கேல் அனுப்பிய கலம், 2009 முதல் சுற்றிவரும் மூன்று டன் ஏவுகல அடுக்கொன்றை 15 மீட்டர் வரை நெருங்கியது, தொடவில்லை.

பிடித்தாலும் உரிமை யாருக்கு? கடலில் கைவிடப்பட்ட கப்பலைக் காப்பாற்றியவருக்குப் பங்கு தரும் மரபு உண்டு. விண்ணில் அது இல்லை. 1967ஆம் ஆண்டு விண்வெளி உடன்படிக்கையின் எட்டாம் பிரிவின்படி, கலம் செத்தாலும் உடைந்தாலும் உடைமை மாறாது. ஒரு நாட்டின் துருப்பிடிக்காத ஓர் ஆணியைக்கூட அதன் இசைவின்றி மற்றொரு நாடு எடுத்து உருக்க முடியாது. 1958இல் ஏவப்பட்டு, 1964இல் குரல் ஓய்ந்த வேன்கார்ட்-1 என்னும் ஒன்றரைக் கிலோ உருண்டை, இன்றும் அமெரிக்காவின் உடைமையாகவே புவியைச் சுற்றிக்கொண்டிருக்கிறது.