வகுப்பறையே அரங்கம்



கற்பித்தலையே தவமாகக் கொண்டு வாழ்ந்த ஒரு பெரியாரின் ஞாபகார்த்தமாக நிறுவப்பெற்ற இச்சொற்பொழிவில், ஷேக்ஸ்பியர் மகாகவியின் 'ஜூலியஸ் சீசர்' நாடகத்தை உயர்நிலைப் பள்ளி மாணாக்கருக்குப் போதிப்பதற்குரிய சாதனங்கள் யாவை என்பதைப் பற்றிப் பேச முற்படுகிறேன். பதவுரையும் கதைச் சுருக்கமும் வினாவிடைத் தொகுப்புமே அச்சாதனங்கள் என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருப்பினும், அந்நாடகம் பிறந்த அரங்கத்தின் இயல்பை ஆராய்வோமாயின், அவற்றினும் மேலானவை நம் வகுப்பறையிலேயே இருக்கக் காண்போம்.

1599-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், தாமஸ் பிளாட்டர் என்னும் சுவிட்சர்லாந்து தேச யாத்திரிகர், தேம்ஸ் நதியின் அக்கரையில், புல்வேய்ந்த அரங்கொன்றில் சீசரின் கதையை நாடகமாகக் கண்டதாக எழுதிவைத்துள்ளார். அக்காலத்து அரங்கில் வரைந்த திரைகளும் இல்லை. இராத்திரியைக் காட்டும் விளக்கமைப்பும் இல்லை. பட்டப்பகலில் நாடகம் நடந்தது. இரண்டாம் அங்கத்தில், சீசரைக் கொல்லத் திட்டமிடும் சதிகாரர்கள் சூரியன் உதிக்கும் திசை எதுவென்று தமக்குள் வாதிடும்போது, விடியற்காலத்தைப் படைத்துத் தருவது அவர்தம் சொற்களேயன்றி வேறில்லை. ஆதலின், வெறுஞ்சுவர்களையுடைய வகுப்பறையைக் கண்டு நாம் வருந்துதற்குக் காரணம் சிறிதும் இல்லை.

மேலும், அந்நாளைய நடிகர் எவருக்கும் நாடகம் முழுவதும் எழுதித் தரப்படவில்லை. அவரவர் பேச வேண்டிய வசனமும், அதற்கு முன் பிறர் கூறி முடிக்கும் சில சொற்களுமே தரப்பட்டன. எட்வர்ட் ஆலின் என்னும் புகழ்பெற்ற நடிகர் வேறொரு நாடகத்தில் ஏற்ற பாத்திரத்திற்குரிய அத்தகைய ஏடு, டல்லிச் கல்லூரியில் இன்றும் பாதுகாக்கப்படுகிறது. இம்முறையில் ஆசிரியர் துண்டுத்தாள்களை எழுதி வழங்குவாராயின், தன் முறை எப்போது வருமென்று காத்திருக்கும் மாணவன், பிறர் பேச்சைச் செவிசாய்த்துக் கேட்டேயாக வேண்டும். அக்கேள்வியே நாடக ஞானத்தின் முதற்படி.

சீசர் கொலையுண்டபின் நிகழும் மூன்றாம் அங்கத்தின் இரண்டாம் காட்சிக்கு இம்முறை மிகவும் பொருந்தும். சதிகாரருள் ஒருவனாய் உரைநடையில் பேசும் புரூட்டஸாக ஒருவனும், சீசரின் நண்பனாய்ச் செய்யுளில் பேசும் ஆண்டனியாக ஒருவனும் நிற்க, எஞ்சிய மாணாக்கர் அனைவரும் ரோமாபுரிக் குடிமக்கள் ஆகட்டும். முடியாசை கொண்டவனைக் கொன்றேன் என்று புரூட்டஸ் நியாயம் உரைத்து முடித்த மாத்திரத்தில், அவனையே சீசராக்குவோம் என்று கூட்டத்தில் ஒருவன் கூவுகிறானே, அவ்விடத்தில் சற்று நிறுத்தி, அவன் எதை விளங்கிக்கொண்டான் என்று வினவுங்கள். பின்னர் ஆண்டனி, சீசரின் குத்துப்பட்ட மேலங்கியைக் காட்டி, குடிமகன் ஒவ்வொருவனுக்கும் 75 திராக்மா அளிக்கும் அவனது மரணசாசனத்தை வாசிக்க, அதே வாய்கள் தீ வையுங்கள் என்று முழங்கும். எந்த வரியில் தம் மனம் திரும்பிற்று என்று ஒவ்வொருவரும் குறித்துக்கொள்ளட்டும். அடுத்த காட்சியில், சதிகாரன் ஒருவனின் பெயரைத் தாங்கிய ஒரே குற்றத்திற்காகக் கவிஞன் சின்னாவை அக்கூட்டம் வதைக்கும்போது, அதனோடு சேர்ந்து கூவிய சிறுவன் பிரசங்கத்தின் வலிமையையும், ஆராயாமல் அதற்கு வசமாவதன் அபாயத்தையும் தானே உணர்வான்.

ஜனநாயகத்தின் வருங்காலப் பிரஜைகளுக்கு இதனினும் அவசியமான கல்வி வேறு யாதுளது? ஆகவே, பதவுரையைத் தொடங்குமுன் ஒரு பாடவேளையேனும் இத்துண்டுத்தாள்களுக்கு ஒதுக்குமாறு ஆசிரியப் பெருமக்களை வேண்டி அமைகிறேன்.